வெள்ளி லம்பாமும் வீட்டுத் தொட்டியும்

பேராக் என்ற மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல், பேராக் ஆற்றிலே வெள்ளித் தகடாய் மின்னுகிற மீன் ஒன்று உண்டு. சிவந்த துடுப்புகளும், கரிய ஓரம் கொண்ட சிவந்த வாலும் அதன் அடையாளம். மலாய்க்காரர்கள் அதனை 'லம்பாம் சுங்கை' என்பார்கள். மீன் வளர்ப்போர் அதற்கு இட்ட பெயர் 'டின்ஃபாயில் பார்ப்'. ஆற்றோரம் தூண்டில் போடுகிறவர்கள் செம்பனைப் பழத்தை இரையாகக் குத்தி அதனைப் பிடிப்பார்கள்.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு நிலமாகியும் போனபின் நம்மில் பலர் ஈப்போவின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்துவிட்டோம். ஆற்றங்கரையை விட்டு வந்த வீடுகளிலே கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆசை எழுவது இயல்புதான். ஆனால், கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் இந்தக் குஞ்சு, ஓர் அடி வரை வளரக்கூடியது என்பதை வாங்கும்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. காலையில் தொட்டி வாங்கினோம். மாலையில் ஆறு மீன்களை விட்டோம். ஐந்தாம் நாள் விடிந்தபோது நான்கு மீன்கள் மிதந்தன. பிள்ளைகள் அன்று சாப்பிடவே மறுத்துவிட்டார்கள். நோய் என்று கருதி மருந்து வாங்கினோம். குறையோ தண்ணீரில் இருந்தது.

பால் வெட்டியவர்களுக்கு அமோனியா புதிதன்று. பால் தொழிற்சாலைக்குப் போகுமுன் உறைந்துவிடாமல் இருக்க, அதிலே அமோனியா சேர்ப்பார்கள். வாடை மூக்கைத் துளைக்கும். அதே அமோனியாவை மீன் தன் செவுள் வழியே ஓயாமல் வெளியேற்றுகிறது. ஆற்றிலே ஓடும் நீர் அதனைக் கொண்டுபோய்விடும். தொட்டியிலோ அது தங்கிவிடும். நம் மூக்குக்கே எட்டாத அளவு கூட மீனைக் கொன்றுவிடும்.

இதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீனை விடாமல், வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வரவேண்டும். நண்பர் வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சு சிறிது கிடைத்தால் வேலை விரைவாகும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது; அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவதும் அவசியம். நைட்ரேட் அப்போதுதான் குறையும். புதுத் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம்.

எஞ்சிய இரண்டு மீன்கள் என்ன ஆயின? மூலையிலே ஒடுங்கின. நிழல் விழுந்தாலே கண்ணாடியில் மோதிக்கொண்டன. லம்பாம் கூட்டமாக வாழும் பிராணி. பல கண்கள் காவல் இருந்தால்தான் அதற்கு அச்சம் நீங்கும். ஆகவே, குறைந்தது ஐந்தாறு மீன்களாவது வேண்டும். அவற்றுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி தேவை. அதில் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 680 கிலோ! வீட்டுத் தரை அதனைத் தாங்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மூடியும் தேவை, இவை துள்ளிக் குதிப்பவை.

லம்பாம் சாதுவான மீன்தான். ஆனாலும், வாய்க்குள் அடங்கும் கப்பி போன்ற சிறு மீன்களை அதனோடு விடலாகாது. தொட்டியில் நட்ட செடிகளையும் தின்றுவிடும். வெந்நீரில் வாட்டிய காங்கோங் கீரையை விரும்பி உண்ணும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். தொட்டியிலே போடுவதை இன்னும் அளந்துதான் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். மிஞ்சிய தீனி அழுகி மீண்டும் அமோனியாவாகும்.

மீன் பெரிதானால் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டையிலே விட்டுவிடலாம் என்று நினைப்போர் உண்டு. அது தவறு. தொட்டியின் நோய் குட்டைக்கும் போகும். 'ஈக்கான் பண்டாராயா' என்று நாம் அழைக்கும் தென் அமெரிக்க மீன், இப்படிக் கைவிடப்பட்டே நம் ஆறுகளில் பெருகியது. வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ, பெரிய குளம் வைத்திருப்பவரிடமோ ஒப்படைப்பதே முறை.

இரண்டடித் தொட்டிக்குத்தான் வீட்டில் இடம் உண்டா? வருந்த வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராத ரஸ்போரா மீன்கள் நம் நாட்டு ஓடைகளிலேயே பிறந்தவை. எட்டு மீன்களை விட்டால் அவையும் கூட்டமாகத் திரும்பி, கூட்டமாக மின்னும். லம்பாமை ஆற்றிலேயே சென்று பார்த்துவரலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்.