பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒரே மேடையில்



தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழையிலையும் மாவிலையும் கட்டுக் கட்டாக வாங்கிச் செல்லும் ஒருவரைக் கண்டால், "வீட்டில் கல்யாணமா, பள்ளிக்கூடத்தில் விழாவா?" என்று கேட்கத் தோன்றுகிறது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கிய அக்கடைத்தெருவுக்கு அருகே, இலட்சுமிபாய் நகரில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று உள்ளது. 1923-ஆம் ஆண்டில் மதராஸி என்னும் பெயரோடு தோன்றிய அம்முயற்சி, 2023-இல் நூற்றாண்டு கண்டது. மந்திர் மார்க் முதல் ஜனக்புரி வரை இன்று ஏழு பள்ளிகள்.

அயல் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, ஊர்ப் பள்ளி விழாவுக்கு இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. அரசு ஊழியரின் குடியிருப்பு, ஓய்வு பெற்றதும் திருப்பி ஒப்படைக்க வேண்டியது. அதில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் வந்து, "இதுதான் நாங்கள் இருந்த வீடு" என்று தெருவில் நின்று சுட்டிக்காட்டலாம், அவ்வளவே. சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பின், பலருக்கு அதுவும் இல்லாமற் போயிற்று. 'நிலையான முகவரி' என்னும் தொடரை அலுவலகத்தில் நாம் எத்தனையோ படிவங்களில் மொழிபெயர்த்திருக்கிறோம். தில்லியில் வளர்ந்த தமிழர் பலருக்கு அந்த இடத்தில் எழுதத் தக்கது அவர்கள் படித்த பள்ளியின் பெயரே.

அப்படித் தேடி வருகிறவர்களை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? முதல் வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களுள் ஒருவர் நெடுநேரம் பேசுகிறார். பிறகு பிள்ளைகள் ஒலிப்பதிவுக்கு ஏற்ப ஆடுகிறார்கள். இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒரு சொல்லேனும் பரிமாறிக் கொள்வதில்லை. இதனை ஒன்றுகூடல் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு வில்லுப்பாட்டு ஏற்றதொரு கலை என்பது நம் கருத்து. நெல்லை, குமரிப் பகுதிகளில் கோயில் கொடை விழாக்களில் வளர்ந்த கலை அது. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றையே வில்லில் பாடினார். மணிகள் கட்டிய வில்லை வீசுகோலால் தட்டிக் கதை சொல்பவர் ஒருவர். குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா ஆகியவற்றோடு சுற்றி அமர்ந்து பின்பாட்டுப் பாடுவோர் சிலர். கதையைப் பழைய மாணவர் சொல்லட்டும். இன்றைய மாணவர் பின்பாட்டுக்கு அமரட்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்று இப்பள்ளிகளில் தமிழை வீட்டில் பேசாத பிள்ளைகளும் பயில்கின்றனர். தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகளோ, தாய் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்கிறார்கள். இவர்களிடம் பக்கம் பக்கமாக வசனத்தைக் கொடுத்தால், தேவநாகரியில் எழுதி வைத்து நெட்டுருச் செய்வார்கள். விழா முடிந்த மறுநாள் மறப்பார்கள். வில்லுப்பாட்டில் முதல் நாள் "ஆமாம்" என்ற ஒரு சொல்லே போதும். ஆனால் அதைச் சரியான இடத்தில் சொல்லக் கதையைக் கவனித்தாக வேண்டும். அடுத்த ஒத்திகையில் அடியின் இறுதிச் சொல்லை வாங்கிப் பாடலாம். அதன் பின் முழு அடியையும் பாடலாம். இடையிடையே கதை சொல்பவரைக் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கவும் இக்கலையில் இடமுண்டு. ஐம்பது வயதுக்காரரை மேடையில் மடக்கும் வாய்ப்பை எந்தச் சிறுவன் விடுவான்?

கதைக்கும் பஞ்சமில்லை. வெள்ளையர் ஆட்சியில் கோடைதோறும் அரசாங்கமே சிம்லாவுக்கு மூட்டை கட்டியது. கோப்புகளோடு தென்னாட்டு எழுத்தர்களும் மலையேறினர். இக்கதையையே பாடலாம்.

விழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாக, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒத்திகை நடத்தினால் போதும். வில்லுக்கு மூங்கில் போதும். குடத்துக்கு, தில்லிக் கோடையில் தெருவோரம் விற்கும் மண்பானை ஒத்திகை வரைக்கும் தாங்கும். மேடைக்கு வேண்டிய நல்ல குடத்தை ஊரிலிருந்து வரும் பழைய மாணவர் எவரேனும் மடியில் வைத்து இரயிலில் கொண்டு வரட்டும்.