முதலும் வட்டியும் போல உயிராற்றல்
(மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது 'சீ' பற்றி. சிரிக்காதீர்கள்! நமக்கு அது முகம் சுளிக்கும் சொல். சீனர்களுக்கு அது உயிராற்றல். அந்த எழுத்தின் பழைய வடிவத்தில் கீழே அரிசியும் மேலே ஆவியும் இருக்கும். உண்ணும் உணவிலிருந்தும் இழுக்கும் மூச்சிலிருந்தும் உண்டாகி, உடல் முழுக்க ஓடுவது சீ என்கிறது சீன மருத்துவம்.

வங்கியில் பேரேடு எழுதியவன் நான். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பெற்றோரிடமிருந்து பிறக்கும்போதே நமக்கு வருவது 'ஜிங்'. அதை வைப்புத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் உணவிலும் மூச்சிலும் சேரும் சீ, சேமிப்புக் கணக்கின் வரவு. செலவு வரவை மிஞ்சினால் வைப்புத்தொகையில் கை வைக்க வேண்டும். அது வேகமாகக் கரைந்தால் முதுமையும் வேகமாக வரும். முதல் கரையாமல் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை முறைக்கு 'யாங்ஷெங்' என்று பெயர். உயிரைப் பேணுதல் என்று பொருள்.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூலின் தொடக்கத்திலேயே பேரரசர் ஒரு கேள்வி கேட்கிறார். முன்னோர் நூறு வயது வாழ்ந்தார்களே, இப்போது ஐம்பதிலேயே ஏன் தளர்கிறார்கள்? பதில் எளிமையானது: அளவான உணவு, நேரத்துக்குத் தூக்கம், அளவான உழைப்பு. இவை தவறியதுதான் காரணம். நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இதுதானே?

ஹுனான் மாகாணத்தில் மாவாங்டுய் என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-இல் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுத்துணி ஓவியத்தில் 44 பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள். ஆண், பெண், இளையவர், முதியவர் எல்லாரும் இருக்கிறார்கள். பின்னாளில் ஹுவா துவோ என்ற மருத்துவர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைப் பயிற்சியாக்கினார். அடிக்கடி திறந்து மூடும் கதவின் கீல் உளுத்துப்போகாது என்பது அவர் சொன்ன காரணம்.

இனி என் தவறைச் சொல்கிறேன். இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், "சீ பெருகினால் மாத்திரை எதற்கு?" என்று இரத்த அழுத்த மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் திட்டியது நியாயம்தான். அன்று என் மனைவி பயந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சீயை எந்தக் கருவியும் அளந்து காட்டியதில்லை. ஆனால் தாய்ச்சி போன்ற மெதுவான பயிற்சிகளால் முதியோர் தடுமாறி விழுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வயதில் ஒரு இடுப்பெலும்பு முறிவு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். எனவே பயிற்சி வரவில் சேரட்டும். மாத்திரையைக் கணக்கிலிருந்து அடிக்காதீர்கள்.

'பாதுவான்ஜின்' என்ற எட்டுப் பயிற்சிகளில் முதலும் கடைசியும் போதும், தொடங்கலாம். முதலாவது: கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். அடிவயிற்றின் முன் விரல்களைக் கோத்து, மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தி, உள்ளங்கைகளை வானத்தை நோக்கித் திருப்புங்கள். மூச்சை விட்டபடி இறக்குங்கள். கடைசி: குதிகால்களை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். ஏழு முறை. பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும், பிடித்துக்கொள்ள. மூச்சை அடக்க வேண்டாம்; வலித்தால் நிறுத்துங்கள்.

காலை ஆறரைக்குக் கீழே பூங்காவில் நான் இருப்பேன். இப்போதைக்குத் தனியாகத்தான் செய்கிறேன். பால் வாங்கப் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்களும் வந்தால் அந்தக் கூச்சம் எனக்குப் போகும். மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள்.