மருந்துச் சீட்டைப் படிக்கும் வேலை



ஊருக்கு ஊர் மருந்துக் கடை இருக்கிறது. டாக்டர் சீட்டை நீட்டுகிறோம். மாத்திரை வருகிறது. அதை எடுத்துத் தருகிறவர் யார்? அவர் என்ன படித்தார்? தறி ஓட்டுகிற ஒருவரோ, தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணோ அந்த வேலைக்குப் போக முடியுமா? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முடியும். ஆனால் குறுக்கு வழி கிடையாது.

ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவர் 15 வருடமாக நிற்கிறார். எந்த மருந்து எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் படிப்பார். பக்கத்தில் ஓர் இளம் பெண். போன வருடம்தான் படிப்பை முடித்தவர். சட்டப்படி யார் மருந்தாளுநர்? அந்த இளம் பெண்தான். பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடிக் கண்காணிப்பில் வேலை செய்பவரோதான் சீட்டுக்கு மருந்து தரலாம். 15 வருடப் பழக்கம் மட்டும் போதாது.

இது அநியாயம் என்று தோன்றுகிறதா? சிலருக்குத் தோன்றும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முன்பு இந்தியாவில் டாக்டரிடம் வேலை பழகியவர்கள் பலர் கம்பவுண்டர் ஆனார்கள். அந்தக் காலத்தில் போலி மருந்தும் தாராளமாக விற்றது. 1930இல் அரசு சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைத்தது. மருந்துத் தொழிலுக்குச் சட்டமும் படிப்பும் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1932இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பு தொடங்கியது. அதைத் தொடங்கியவர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1948இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. முதல் பதிவேடு எழுதும்போது, 5 வருடம் மருந்து கலந்து பழகியவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இன்று படித்தவர்தான் உள்ளே போகலாம்.

என்ன படிப்பு? டி.பார்ம் என்ற டிப்ளமோ. 2 வருடம் வகுப்பு. அதன் பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. பயிற்சி 3 மாதத்துக்குக் குறையக் கூடாது. டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனியாக ஒரு தகுதித் தேர்வு வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. கடைசியாக மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும்.

இதில் சேர என்ன தகுதி? பன்னிரண்டாம் வகுப்பு. அதிலும் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியல் அல்லது கணிதம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பன்னிரண்டாவதில் வணிகவியல் படித்துக் கணக்கு எழுதப் போனவர், பத்து வருடம் கழித்து டி.பார்ம் சேர வருகிறார். இடம் இல்லை என்கிறார்கள். அவர் அறிவியல் பாடங்களை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

பள்ளியைப் பாதியில் விட்டவருக்கு என்ன வழி? தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் சேர மேல் வயது வரம்பு கிடையாது. ஒருமுறை பதிந்தால் 5 வருடம் செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரே முறை எழுத வேண்டியதில்லை. இரண்டு பாடம் இந்த முறை, மூன்று பாடம் அடுத்த முறை என்று எழுதலாம். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அறிவியல் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அதை வீட்டில் இருந்தபடி முடிக்க முடியாது.

எட்டாவதோடு நின்றவர் மருந்தாளுநர் ஆக ஆறு, ஏழு வருடம் ஆகலாம். இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை.

அதனால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வேலை கிடைக்கிறது. "வகுப்புக்கே வர வேண்டாம். பணத்தைக் கட்டுங்கள். சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்பார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. டி.பார்ம் தபால் வழிப் படிப்பு அல்ல. வகுப்பிலும் செய்முறையிலும் 100க்கு 75 வருகை வேண்டும். கல்லூரிக்கு இந்திய மருந்தாளுநர் கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் இல்லாத இடத்தில் படித்தால், மாநிலக் கவுன்சில் பெயரைப் பதியாது. பணமும் போய்விடும். இரண்டு வருடமும் போய்விடும்.

அப்படியானால் வேலையில் இருந்துகொண்டே எதைத் தயார் செய்யலாம்? முதலில் கணக்கு. சின்னக் கணக்குதான். ஆனால் தப்பக் கூடாது. ஒரு குழந்தைக்கு டாக்டர் எழுதுகிறார்: ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், தினம் 2 வேளை, 5 நாள். கடையில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பாட்டில் 60 மில்லி. ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? 10 மில்லி. ஒரு நாளைக்கு 20. ஐந்து நாளைக்கு 100. ஆகவே ஒரு பாட்டில் போதாது, இரண்டு வேண்டும். ஒரு வேளைக்கு 5 மில்லி என்று சொல்லி அனுப்பினால் குழந்தைக்குப் பாதி மருந்துதான் போகும். நோய் தீராது. இந்தப் பெருக்கலும் வகுத்தலும் இன்றைக்கே பழகக் கூடியவை.

அடுத்தது ஆங்கில எழுத்து. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் படியுங்கள். மருந்தின் பெயர், அளவு, காலாவதி மாதம், எல்லாம் அதில் இருக்கும். சில அட்டைகளில் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. வேதியியல்தான் கடினம். அதற்குத் தனியாக ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பிறகு பணம். கல்லூரி பகலில் நடக்கும். முழு நேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பது முடியாத காரியம். இரண்டு வருடம் வீட்டுச் செலவை யார் பார்ப்பது? இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். மாமியாரிடம் பேச வேண்டும், கணவரிடம் பேச வேண்டும். மனு போட்ட பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

காகிதங்களையும் இப்போதே பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் வேறு பெயர் என்று பலருக்கு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். திருத்தம் வாங்க மாதக் கணக்கில் ஆகும். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் தேடி வையுங்கள்.

கல்லூரியில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்புதல் இந்த வருடத்துக்கு இருக்கிறதா? என் வயதுக்குத் தடை உண்டா? திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழை ஏற்பீர்களா? பதிலை எழுதிக் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறது. கைப்பேசி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் பார்த்துத் தரச் சொல்லலாம்.