பீன்யாவிலிருந்து ஒரு நாள் உலா



வெளிநாடு சென்று மீண்டோர், அந்நாட்டு நகரங்களில் கண்ட காட்சிகளையும் உண்ட உணவுகளையும் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவருக்கோ, தாம் வாழும் நகரமே ஆண்டுக்கணக்கில் வெளிநாடாக இருந்துவிடுகிறது. பட்டறை, வாடகை வீடு, ஊருக்குப் பேருந்து ஏறும் இடம் ஆகிய இம்மூன்றையும் அறிந்தால் போதும் என்ற நிலையில் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். விடுமுறை வந்தால் ஊருக்கு ஓடுவோம்; நகரைப் பார்க்க மாட்டோம்.

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர்ச் சாலையை ஒட்டி உள்ளது பீன்யா. 1970-களின் பிற்பகுதியில் உருப்பெற்ற இத்தொழிற்பேட்டை ஆசியாவின் பெரியவற்றுள் ஒன்று. கடைசல் பட்டறைகள், அச்சுவார்ப்புக் கூடங்கள், ஆயத்த ஆடைச் சாலைகள் என நெருங்கிக் கிடக்கும் இப்பகுதியில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தார் பலர் உழைக்கின்றனர். அவருள் ஒருவர் எங்கள் நண்பர்; பதினான்கு ஆண்டுகளாக லேத் இயக்குபவர்; தருமபுரிக்காரர். அவரும், அவர்தம் மனைவியாரும், எட்டாம் வகுப்புப் பயிலும் மகளும், நாங்களுமாக ஒரு ஞாயிறன்று காலை மெட்ரோ இரயிலில் ஏறினோம். 2014-இல் பீன்யாவிற்கு வந்த தடம் இது.

இத்தடத்தின் நிலையப் பெயர்களே ஒரு சிறு வரலாறு. 'சோப்புத் தொழிற்சாலை' என்னும் நிலையம், 1916-இல் மைசூர் அரசு தொடங்கிய சந்தனச் சோப்புத் தொழிலை நினைவூட்டுவது. பின்னர் ராஜாஜிநகர். நம் ராஜாஜி இந்நகரத்து மத்தியக் கல்லூரியில் பயின்றவர். அதற்கப்பால் மகாகவி குவெம்பு சாலை. கன்னடத்தில் இராமாயணத்தைப் புதிதாகப் பாடி, 1967-இல் ஞானபீடப் பரிசு பெற்றவர் அவர். கன்னடப் பலகைகளை மகள் படித்துச் சொல்லச் சொல்ல, தந்தையார் கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

லால்பாக் நிலையத்தில் இறங்கினோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கித் திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். இன்று 240 ஏக்கர் பரப்புடையது. 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில்தான் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி மலர்க்காட்சிகள் நடைபெறுகின்றன. ஆயினும் எங்களை நிறுத்தி வைத்தது மலரன்று, பாறை. தோட்டத்தினுள்ளே கிடக்கும் அக்கற்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பது நிலவியலார் கணிப்பு. அதன்மேல் ஏறி நின்று நகரைப் பார்க்கையில், முன்னே வந்தவர் யார், பின்னே வந்தவர் யார் என்னும் வழக்கு சற்றே சிறுத்துப்போகிறது.

தோட்டத்தின் அருகே மாவள்ளியில், 1924-இல் தொடங்கப்பெற்ற எம்.டி.ஆர். உணவகம் உள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி அருகியபோது ரவையைக் கொண்டு இட்டலி செய்து பார்த்தது இவர்களே என்பர். முந்திரி பதித்து, நெய்யூற்றி, உருளைக்கிழங்குச் சாகுவுடன் வருகிறது அந்த ரவா இட்டலி. நன்றாகவே இருந்தது. எனினும், நம் அரிசி இட்டலிக்கு இணையென்று ஒப்ப நண்பரின் மனைவியார் இசையவில்லை.

பின்னர் பசவனகுடி. ஒரே கல்லில் வடித்த நந்தி, ஏறத்தாழ 15 அடி உயரம், 20 அடி நீளம். கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று இங்கு நிலக்கடலைத் திருவிழா நடைபெறும். உழவர் தம் முதல் விளைச்சலை நந்திக்குப் படைப்பர்.

நண்பகலில் 'மிலிட்டரி ஓட்டல்' ஒன்றிற்குச் சென்றோம். பெயர் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. புலால் உணவு பரிமாறும் சிறு உணவகங்களை இந்நகரத்தார் அவ்வாறு வழங்குவர். வாழையிலையில் பந்துபோல் வந்து அமர்ந்தது ராகி முத்தே. பரிமாறியவர், "மெல்லக் கூடாது, கிள்ளிச் சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும்" என்று எங்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். நண்பர் சிரித்துவிட்டார். அது அவர் ஊர்க் களியேயன்றோ! இளமையில் நாள்தோறும் உண்டு, நெல்லுச்சோற்றுக்கு ஏங்க வைத்த அதே கேழ்வரகுக் களி. பீன்யாவுக்கு வந்தபின், வறுமையின் அடையாளமென்று கருதி, வீட்டில் அதைக் கிண்டவே விட்டதில்லையாம். இங்கோ, காரில் வந்திறங்கியோர் அதற்காக வரிசையில் காத்து நின்றனர். இரண்டாம் உருண்டையையும் கேட்டு வாங்கி உண்டார். "இதைப் போய் மறைச்சு வெச்சிருந்தேனுங்களே" என்றார் எங்களிடம். மகள் அன்றுதான் முதன்முறையாகக் களி உண்டாள்.

உணவு ஒன்றாயிருப்பது வியப்பன்று, மொழிகளும் உடன்பிறந்தவையே. தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் அங்கே ஹாலு, பூ, ஹூவு, புலி, ஹுலி. பழங்கன்னடத்தில் அவையும் பகரமாகவே இருந்தன. தாசரஹள்ளி, ஜாலஹள்ளி என்று பீன்யாவைச் சூழ்ந்துள்ள ஹள்ளிகளெல்லாம் நம் பள்ளிகளே. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியை அறிந்தவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? இவ்வொரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் கடைத்தெருக் கன்னடம் பாதி விளங்கிவிடும். கன்னடம் அறியாமலே இங்கு காலந்தள்ளலாம் என்று பெருமை பேசும் நம்மவர் சிலரை எங்களால் மெச்ச இயலவில்லை.

மாலையில் காந்தி பஜாரில் காப்பி. ஒரு காப்பியை இரு குவளையில் பகிர்ந்து தருவதை இங்கு 'பை-டூ' என்பர். சிக்கனமும் நட்பும் கலந்த ஏற்பாடு. இதனை அடுத்த கவிபுரத்தில் வாழ்ந்தவர் மாஸ்தி வேங்கடேச ஐயங்கார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, கன்னடத்திலேயே எழுதி, 1983-ஆம் ஆண்டு ஞானபீடம் பெற்றவர். அவரைக் கன்னடத்தின் ஆஸ்தி என்றே அந்நாட்டார் போற்றுவர்.

பொழுது சாயுமுன் வண்டி மாறி அல்சூர் ஏரிக்கரையை அடைந்தோம். அங்கே திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991-இல் நிறுவப்பெற்ற அச்சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் காவிரிப் பூசலால் கலகம் மூண்டு, தமிழ்க் குடும்பங்கள் பல வீடுவாசல் விட்டு வெளியேறின. 2016-லும் இந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. அந்த நாள்களில் பிள்ளையுடன் கதவடைத்துக் கிடந்ததை நண்பர் சொன்னார், விரித்துச் சொல்லவில்லை. சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு மாநில முதலமைச்சரும் இரு விழாவிலும் கலந்துகொண்டனர்.

வள்ளுவர் ஈரடியில் சொன்னார். சர்வக்ஞர் மூவடியில் சொன்னார். அம்மூவடிப் பாக்களுள் ஒன்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த பெண், கரையில் நின்றபடியே அதைச் சொல்லிக் காட்டினாள். "என்ன சொல்றார்மா?" என்று தந்தையார் கேட்டார். அவள் தமிழில் பொருள் சொல்லத் தொடங்கினாள்.