மனச்சோர்வும் மூலிகை மருந்தும்



மனச்சோர்வுக்கு நம்மில் சிலர் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராச் சூரணம் வாங்கி உண்கிறோம். அதனைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. பெரும்பாலும் மன அழுத்தத்தைக் குறித்தவை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மேலைநாட்டு மூலிகைக்கே சான்று வலுவானது: 29 ஆய்வுகளைத் தொகுத்த 2008 ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, வெற்று மாத்திரையினும் அது மேலானது எனக் கண்டது. ஆயினும் அது வார்ஃபரின் போன்ற மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகளுடன் சேர்ந்தால் ஆபத்து விளைக்கும்.

ஆதலால் உண்ணும் மூலிகையை மருத்துவரிடம் மறையாது கூறுவோம். சோர்வு இரு வாரம் நீடித்தால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையை நாடுவோம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் உடனே 14416 எண்ணில் பேசுவோம். வல்ல இறைவன் நலம் அருள்வானாக! ஆமீன்.