பூட்டுக் கடையும் இணையதளமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் துறையில் ஏதாவது பேசுங்கள், ஆனால் புரியும்படி பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் 'லோ-கோடு' பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயர்தான் புதுசு. 2014 வாக்கில் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. விஷயம் பழசு. நம் சீனியர்கள் ஃபாக்ஸ்புரோவில் திரை வரைந்து ரேஷன் கடைக் கணக்கு போட்டார்களே, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி, பட்டன், படம் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைத்தால் வெப்சைட் தயார். அதற்கு மேல் வேண்டும் என்றால் மட்டும் பத்து இருபது வரி நிரல் எழுதிக்கொள்ளலாம். இதில் நம் நாட்டுக்காரர்களும் பின்தங்கிவிடவில்லை. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி இன்று ஜோஹோ என்று பெயர் வாங்கியிருக்கும் நிறுவனம், 2006-லேயே 'கிரியேட்டர்' என்ற இந்த வகைச் சாதனத்தை வெளியிட்டுவிட்டது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது பெரிய நிறுவனக் கதை இல்லை. நம்மூர்ப் பூட்டுக் கடை ஒன்றின் கதை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு அடுத்த வருஷம், எனக்குத் தெரிந்த பூட்டுக்காரர் ஒருவர் போன் செய்தார். அப்பா காலத்துப் பட்டறை, கையால் செய்கிற பூட்டு. "தம்பி, அலிகார் பூட்டு விலைக்கு நம்மால விக்க முடியாது. ஆனா நம்ம பூட்டைத் தேடி வர்றவன் எங்கேயோ இருக்கான். அவனுக்கு நம்ம கடை தெரியணும்" என்றார். ஒரு லோ-கோடு தளத்தில் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைக் கட்டிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் சிக்கல் உடனே வந்தது. ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் டி-சர்ட் விற்பவனை மனதில் வைத்துச் செய்தவை. ஸ்மால், மீடியம், லார்ஜ், நிறம், அவ்வளவுதான். பூட்டு வாங்குகிறவர் கேட்பது வேறு. எத்தனை இஞ்ச்? எத்தனை லீவர்? எத்தனை சாவி? மாங்காய்ப் பூட்டா, சதுரப் பூட்டா? பத்துக் கதவுக்கும் சேர்த்து ஒரு மாஸ்டர் சாவி வேண்டுமா? இந்தக் கேள்விகளை எல்லாம் படிவமாக மாற்றினோம். "லீவர் கூடினா விலை மட்டும் இல்ல தம்பி, நாளும் கூடும், அதையும் போடு" என்றார். ஆகவே விலைக்குப் பக்கத்தில் 'செய்து தர ஆகும் நாள்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் எந்த டெம்ப்ளேட்டிலும் கிடையாது. வாடிக்கையாளர் அதிகம் பாராட்டியது அதைத்தான். மாணவர்களே, தளத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கஸ்டமைஸ் செய்ய வேண்டியது என்னவென்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

அடுத்தது கூரியர். இரும்புப் பூட்டு கனமான சாமான். டெம்ப்ளேட்டோ உருப்படிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் போட்டது. எடையைக் கணக்கிட இருபது வரி எழுதினேன். இப்படிப்பட்ட சொந்த வரிகளை எழுதவென்றே தளத்தில் தனி இடம் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் நான் டெம்ப்ளேட்டின் உள்ளேயே கை வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து டெம்ப்ளேட் புதுப்பிக்கப்பட்டபோது என் இருபது வரியும் அழிந்தது. இரண்டு வாரத்துக்குப் பெரிய பூட்டும் சின்னப் பூட்டும் ஒரே கூரியர் கட்டணத்தில் போயின. நஷ்டம் கடைக்காரருக்கு. அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது வேறொரு நாளில். கடையின் டொமைன் பெயரை என் பேரில், என் அலுவலக ஈமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தேன். நான் வேலை மாறினேன், பழைய ஈமெயில் மூடப்பட்டது. 'புதுப்பிக்கவும்' என்று வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் படிக்காத பெட்டிக்குப் போயிருக்கின்றன. ஒரு நாள் கடை வெப்சைட்டே இல்லை. அதே முகவரியில் இருந்த கடை மெயிலும் போயிற்று. காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர் வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை பூட்டுக் கேட்டு எழுதிய மெயில் திரும்பிப் போய், அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

நான் நேரில் போய் நின்றேன். வேலையை நிறுத்தாமல், அரத்தைப் போட்டு ஒரு சாவியை ராவிக்கொண்டே கேட்டார்: "பூட்டை எனக்கு வித்துட்டு, சாவியை நீயே வச்சிருந்தியா தம்பி?"

எனக்குப் பதில் இல்லை.

டாட் காம் பெயர் காலாவதியானால் பொதுவாகச் சில நாள் முதல் சில வாரம் வரை பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அபராதம் பல மடங்கு. அதுவும் தவறினால் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் மீட்புக் காலத்தில் இருந்தோம். அபராதத்தை நான் கட்டினேன். அந்த ஆர்டர் போனது போனதுதான்.

என் கவனக்குறைவை விடுங்கள். தளத்தை நடத்துகிறவர்களே கடையை மூடினால் என்ன ஆகும்? யாகூவிடம் இருந்த ஜியோசிட்டீஸ் 2009-ல், ஜப்பான் நீங்கலாக, மூடப்பட்டது. அதில் எத்தனையோ பேருடைய முதல் இணையப்பக்கம் போயிற்று. அது பழங்கதை என்பீர்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சின்னக் கடைக்காரர்கள் இலவசமாகக் கட்டியிருந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை அந்தப் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு அந்த முகவரியே வேலை செய்யவில்லை. விசிட்டிங் கார்டிலும் கடைப் போர்டிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் என்ன செய்வார்கள்? சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. வேறு தளத்தில் கட்டி, பழைய பெயரையே அங்கே திருப்பிக்கொண்டார்கள்.

இதனால் லோ-கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னாளபட்டி சுங்குடி விற்கிறவரும் சிறுமலை வாழைப்பழம் அனுப்புகிறவரும் மென்பொருள் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் கொடுக்க முடியாது. அவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'என்னென்ன வசதி இருக்கிறது' என்று பார்ப்பதற்கு முன் 'எதையெதை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம்' என்று பார்ப்பேன். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், ஆர்டர் கணக்கு மூன்றும் எக்ஸெலில் திறக்கிற கோப்பாக வர வேண்டும். பக்க அமைப்பு பெரும்பாலும் வராது. பரவாயில்லை, அதைத் திரும்பக் கட்டலாம். பெயர், பாஸ்வேர்டு, பணம் வருகிற வங்கிக் கணக்கு ஆகியவை உரிமையாளர் பேரில், அவருடைய போன் நம்பரில் இருக்க வேண்டும். நம்மை அவர் ஒரு பணியாளராகச் சேர்த்துக்கொள்ளட்டும், வேண்டாத அன்று நீக்கிவிடட்டும். படித்து முடித்ததும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கப்போகும் தம்பி தங்கையர் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டவன் நான்.

பூட்டுக்காரர் இப்போது மாதம் ஒரு முறை மகளை வைத்து ஆர்டர் கணக்கை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்கிறார். டொமைன் காலாவதியாகும் தேதியைக் கடைச் சுவரில், கரண்ட் பில் கட்டும் தேதிக்குப் பக்கத்தில், சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். சென்ற மாதம் போனபோது, எனக்கு இன்னும் உள்ளே நுழைய அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு தம்பி, நான்தான் குடுத்திருக்கேன்" என்று சிரித்தார்.