எலுமிச்சை இலையில் வெள்ளிக்கோடு



ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலே லயத்து வாசலில் ஓர் எலுமிச்சை நிற்பது நமக்குப் பழகிய காட்சி. பூசைக்கும் ஊறுகாய்க்கும் அதுவே கைகொடுக்கிறது. அதன் தளிர் சுருண்டு, இலைமேல் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால், நத்தை ஊர்ந்த தடம் என்போம். கண்ணேறு என்பாரும் உண்டு. இரண்டுமல்ல. அது இலைத்துளைப்பான் என்னும் பூச்சியின் வேலை.

தாய்ப்பூச்சி ஒரு சிறிய அந்து. சிறகு விரித்தாலும் 4 மில்லிமீட்டர்தான். இரவிலே வந்து இளந்தளிரில் முட்டையிடும். பொரித்த புழு இலையின் தோலுக்கடியில் புகுந்து, சாற்றை உண்டபடி சுரங்கம் போடும். கோட்டின் நடுவே தெரியும் கறுப்பு இழை அதன் கழிவு. வளர்ந்ததும் இலையோரத்தை மடித்து அதற்குள்ளே கூட்டுப்புழுவாகும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் புதுப் பூச்சி பறந்துவிடும்.

எலுமிச்சை மட்டுமல்ல, லீமாவ் கஸ்தூரி, ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ், நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் தளிரும் அதற்கு உணவு. 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கில அறிஞர், கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். 1993-இல் இது அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்குள்ளோர் மருந்தை மட்டும் நம்பவில்லை. புழுவை அழிக்கும் சின்னஞ்சிறு குளவியை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தார்கள். அந்தக் குளவியின் பூர்வீகம் நம் அண்டைநாடான தாய்லாந்து.

இதில் நமக்கு என்ன பாடம்? வளர்ந்த மரம் இந்தப் பூச்சியைத் தாங்கிக்கொள்ளும். கோடு விழுந்த இலையும் மரத்துக்குச் சோறு சமைக்கிறது. அதைக் கிள்ள வேண்டாம். கன்றுக்குத்தான் கவனம் தேவை. சுரங்கப் புண் வழியே சொறிநோய் நுழையக்கூடும். தளிர் விடும்போது, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து, மாலையில் தெளிக்கலாம். உரத்தை அளவோடு இடுவோம். அடிக்கடி இட்டால் ஓயாமல் தளிர் விட்டுப் பூச்சிக்கு விருந்தாகும்.

முக்கியமான ஒன்று. தோட்டத்து மருந்தை வெறும் பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. களைக்கொல்லி புழுவைக் கொல்லாது, மரத்தைக் கருக்கும். பூச்சிமருந்தோ நமக்கு உதவும் குளவியைக் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் புட்டியில் இருப்பது எதுவென்று தெரியாது. நாலு இலை சுருண்டால் மரம் மறுபடி தளிர்க்கும். பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் நாம் என்ன செய்வோம்?